முதுநகர்ப் பட்டறையில் ஒரு சிஎன்சி மில்லிங் எந்திரம்: எங்கிருந்து தொடங்குவது?

உப்பனாற்றங்கரை | 2024 ஜூன் 9

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் அப்பா காலத்துப் பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். ஃபைபர் படகுகளின் டீசல் எஞ்சின் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் எந்திரம், வெல்டிங் செட் ஆகியவை இருக்கின்றன. மில்லிங் வேலை, அதாவது சுழலும் கட்டரால் சீவும் வேலை என்று வந்துவிட்டால் புதுச்சேரிப் பக்கம் தட்டாஞ்சாவடிக்கோ சேதராப்பட்டுக்கோ ஓட வேண்டும். ஒரு எஞ்சின் பிடிப்புத் தகட்டில் நான்கு துளையும் ஒரு காடியும் போட்டுவர ஒரு நாள் போய்விடுகிறது. அந்த நாளில் இங்கே இரண்டு படகுகள் காத்துக்கிடக்கும்.

அதனால் கணினி சொல்படி தானே வெட்டும் சிஎன்சி மில்லிங் எந்திரம் ஒன்றை நானே கட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். 10 மி.மீ. வரை அலுமினியத் தகடு வெட்ட வேண்டும். வார்ப்புக்கு அனுப்ப மரத்தில் பேட்டர்ன் செய்ய வேண்டும். எஃகு வெட்டும் ஆசை இல்லை. நகர்வு 400 × 300 × 150 மி.மீ. இருந்தால் போதும்.

திட்டம் இதுதான்: அலுமினிய புரொஃபைல் சட்டகம், எஸ்பிஆர்16 உருண்டைத் தண்டவாளம், அச்சுகளைத் தள்ளும் திருகுதண்டாக 1605 பால் ஸ்க்ரூ, அதைச் சுழற்ற நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார் மூன்று, மோட்டாரை ஓட்ட டிபி6600 டிரைவர், கட்டளை கொடுக்க ஆர்டுயினோ பலகையில் ஜிஆர்பிஎல் மென்பொருள், கட்டரைச் சுழற்ற நீரால் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். மோட்டார்களும் டிரைவர்களும் வந்துவிட்டன. நேற்று இரவு மூன்றையும் மேசைமேல் வைத்துச் சுழலவிட்டேன். மகள் கைதட்டினாள். அடுத்து என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 ஜூன் 10

தேர் செய்வதற்கு முன்னால் வடம் திரித்திருக்கிறீர்கள் தம்பி. பரவாயில்லை, வடம் கெட்டுப்போகாது.

எந்திரம் எதன் மேல் நிற்கும், எதன் மேல் நகரும், அது நேராகத்தான் நகர்கிறது என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? உங்கள் பட்டியலில் இதற்குப் பதிலே இல்லை. அந்த உருண்டைத் தண்டவாளத்தின் பேரிங் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் திறந்திருக்கும். மேலிருந்து அமுக்கினால் தாங்கும். தூக்கினால் வாய் பிளக்கும். மில்லிங் கட்டர் அமுக்குவதோடு நிற்பதில்லை. பிடித்து இழுக்கும், தூக்கும், உதறும். மரத்துக்கு அது போதும். அலுமினியம் வெட்ட வேண்டுமென்றால் 20 அளவுச் சதுரத் தண்டவாளம் போடுங்கள்.

நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருக்கிறதா? காந்த அடிப்பாகத்தோடு? நல்ல மூலைமட்டம்? இல்லையென்றால் மற்ற எதையும் வாங்குவதற்கு முன் அவற்றை வாங்குங்கள். பிறகு பழைய இரும்புக் கடைகளைச் சுற்றி வாருங்கள். வார்ப்பிரும்பில் கனமான அடிப்பாகம் ஏதாவது கிடைக்கும். அது பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. புது வார்ப்பு உள்ளுக்குள் இறுகிக் கிடக்கும், சீவிய பிறகு மெல்ல நெளியும். இருபது முப்பது ஆண்டு கிடந்த வார்ப்பு நெளிய வேண்டியதை எல்லாம் நெளிந்து முடித்திருக்கும்.

லாஸ்பேட்டை ஜி-கோடு | 2024 ஜூன் 10

ஃபிட்டர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் தொடங்காமல் நின்றுவிடுகிறார்கள். நான் கட்டிய முதல் எந்திரம் எம்டிஎஃப் பலகையில்தான். அடுத்த ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து உப்பி, பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அதில் கற்றதை வேறெதிலும் கற்றிருக்க மாட்டேன்.

மின்னணுப் பக்கத்துக்கு என் கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1,600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. தள்ளும். ஆக ஒரு மி.மீ.க்கு 320. இதைத்தான் ஜிஆர்பிஎல் அமைப்பில் $100, $101, $102 மூன்றிலும் போட வேண்டும். ஆர்டுயினோ யுனோ பலகை நொடிக்கு 30,000 துடிப்பு வரை தரும். நிமிடத்துக்கு 5,600 மி.மீ. ஓட அது போதும். உங்களுக்கு அவ்வளவு வேகம் தேவைப்படாது.

என் கவலை டிபி6600-ஐப் பற்றியது. அதை 24 வோல்ட்டில் ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேகம் கூடக்கூட முறுக்கு விசை குறையும். அதை ஈடுகட்டுவது வோல்ட்டேஜ்தான். மோட்டாரின் தூண்டலை மில்லி ஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் உச்ச வோல்ட்டேஜ் கிடைக்கும் என்பது பழைய கைக்கணக்கு. 2.5 என்றால் சுமார் 50 வோல்ட். டிஎம்556 டிரைவரும் 36 வோல்ட் சப்ளையும் போடுங்கள். அந்த டிரைவரின் எல்லையே 50 வோல்ட், அதனால் விளிம்புவரை போக வேண்டாம்.

மேசைமேல் வெறுமனே சுழலும் மோட்டாரை நம்பாதீர்கள். சுமை ஏறும்போது படி தவறும். தவறியது கணினிக்குத் தெரியாது. எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு தகட்டைப் பாழாக்கிக்கொண்டே போகும்.

மஞ்சக்குப்பம் மாணவி | 2024 ஜூன் 12

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வுக்குப் படிப்பதற்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

குறுக்கு உத்தரம் 700 மி.மீ. நீளம், நடுவில் 300 நியூட்டன் விசை என்று வைத்துக்கொள்வோம். 80 × 40 அளவில் 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியப் பெட்டிக்குழாய், மெலிந்த பக்கமாக 0.166 மி.மீ. வளைகிறது. 100 × 100 × 6 எஃகுச் சதுரக்குழாய் வளைவது 0.003 மி.மீ. ஐம்பது மடங்கு வித்தியாசம்! எஃகின் விறைப்பு அலுமினியத்தைப்போல மூன்று மடங்குதான். மீதியெல்லாம் குழாயின் வடிவத்தால் வருவது. நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும் என்பதால் உத்தரத்தை முடிந்தவரை குட்டையாக வையுங்கள் அண்ணா.

இன்னொன்றும் படித்தேன். 1952-இல் எம்.ஐ.டி.யில் உலகுக்குக் காட்டிய முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் எந்திரம் புதிதாகக் கட்டியது அல்ல. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற கனமான மில்லிங் எந்திரத்தில்தான் கட்டுப்பாட்டைப் பூட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் அடுக்கிய கட்டுப்பாட்டுப் பெட்டி எந்திரத்தைவிடப் பெரியதாம். அவர்களும் இரும்பை முதலில் தேடியிருக்கிறார்கள்.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 ஜூன் 12

கணக்கு சரி அம்மா. ஆனால் நீ கணக்குப் போட்ட இடத்தில் எந்திரம் வளையாது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் வளையும். போல்ட் போட்ட மூட்டு ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங். அதோடு கட்டர் முனை உத்தரத்துக்குக் கீழே ஒரு சாணுக்குமேல் தொங்குகிறது. அந்த நெம்புகோல் உத்தரத்தை வளைக்காது, முறுக்கும். முறுக்கையும் கணக்குப் போட்டுக் காட்டு.

தேர்வுக்கும் படி.

உப்பனாற்றங்கரை | 2024 ஜூன் 30

மூன்று வாரம் அலைந்தேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டயல் கேஜ் கிடைத்தது. முள் கொஞ்சம் சோம்பேறி. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் சரியாகிவிட்டது.

பெரிய செய்தி வேறு. சிப்காட் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், பையன் ஒருவன் கம்பியை வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவன் எதன் மேல் வைத்துத் தட்டுகிறான் என்று குனிந்து பார்த்தேன். 630 × 400 சர்ஃபேஸ் பிளேட், மட்டம் பார்க்கும் வார்ப்பிரும்புப் பலகை! அடியில் தேன்கூடு மாதிரி விலாக்கள். ஒரு மூலையில் மட்டும் சுத்தியல் காயம், மற்ற இடமெல்லாம் துரு. கடைக்காரருக்கு அது வெறும் பட்டடைக்கல். கிலோக் கணக்கில் விலை பேசி, பையனுக்கு ஒரு தண்டவாளத் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்று பேர் தூக்கி மினி வேனில் ஏற்றினோம்.

அதையே அடிப்பாகமாக வைத்து, உத்தரம் அசையாமல் மேசை மட்டும் நகரும்படி கட்டப்போகிறேன். சட்டகத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 ஜூன் 30

அதைத் தேய்ப்பு எந்திரத்தால் தொட்டுவிடாதீர்கள். மண்ணெண்ணெய், பித்தளைப் பிரஷ், துணி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வழி சொல்லுங்கள்.

உப்பனாற்றங்கரை | 2024 ஜூலை 29

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஐயா கையில் ஒரு துணிமூட்டை; அதற்குள் வார்ப்பிரும்பில் நேர்விளிம்பு, ஸ்க்ரேப்பர் இரண்டு, ஒரு டப்பா நீலம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்விளிம்பில் நீலத்தை மெல்லத் தடவி, பிளேட்டின் மேல் வைத்து இழுத்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டை ஸ்க்ரேப்பரால் மைக்ரான் கணக்கில் சுரண்ட வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். தண்டவாளம் உட்காரும் இரண்டு பட்டைகளை மட்டும்தான் செய்தோம். ஓர் அங்குலச் சதுரத்துக்குப் பத்துப் புள்ளி தெரியும் வரைக்கும் விட மாட்டேன் என்றார். முதல் வாரம் நான் சுரண்டியதைப் பார்த்து, "தேங்காய் துருவுகிறாயா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தண்டவாளத்தை உட்காரவைத்து, அதில் ஓடும் பெட்டியின் மேல் டயல் கேஜை நிறுத்தி, இரண்டாவது தண்டவாளத்தின் பக்கவாட்டைத் தொடவைத்து இழுத்தோம். 600 மி.மீ. ஓட்டத்தில் முள் 0.02-க்குள் நின்ற பிறகுதான் போல்ட்டை இறுக்கினோம். 60 மி.மீ.க்கு ஒரு எம்5 போல்ட். சுத்தியல் காயம் பட்ட மூலையில் மட்டும் மரை வெட்டும் டேப் உள்ளேயே உடைந்துவிட்டது. ஒரு போல்ட்தானே, மற்றவை எல்லாம் பிடித்திருக்கின்றன.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 ஜூலை 29

ஒரு போல்ட்தானே என்று நான் சொல்லவில்லை. இவன்தான் சொல்கிறான்.

உப்பனாற்றங்கரை | 2024 ஆகஸ்ட் 18

தூண்கள் இரண்டையும் உத்தரத்தையும் 100 × 100 × 6 குழாயில் வெல்டிங் செய்தேன். பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வைத்தேன். இருந்தும் உத்தரம் 0.8 மி.மீ. வில்லாக வளைந்துவிட்டது. உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் உள்ளிறுக்கம் தளரும் என்பது தெரியும். இந்த ஒரு துண்டுக்காக உலையை மூட்ட யாரும் தயாராக இல்லை. வேறு வழி?

கருங்கல் | 2024 ஆகஸ்ட் 19

திண்டிவனத்தில் இருக்கிறேன். என் எந்திரத்தின் அடிப்பாகம் முழுவதும் எபாக்ஸியும் கருங்கல் ஜல்லியும் கலந்து ஊற்றியது. உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை, குழாய்க்குள் நிரப்புவது. இதனால் வளைவு நிமிராது; அதிர்வு சாகும். வெற்றுக் குழாயைத் தட்டினால் கோயில் மணி மாதிரி ரீங்காரமிடும். நிரப்பிய குழாய் "தொப்" என்று சொல்லிவிட்டு நிற்கும். பல அளவு ஜல்லியும் கல்தூளும் கலந்து, இடைவெளியே இல்லாதபடி அடைய வேண்டும். அப்போதுதான் எடையில் பத்தில் ஒரு பங்கு எபாக்ஸி போதும். கல்லைக் கழுவி, எரிக்கும் வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தேவனாம்பட்டினத்துக் கடல் மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உப்பு உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

எபாக்ஸியைப் பகலில் கலக்காதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் அது தானே சூடேறி, வாளியோடு புகைந்து கல்லாகும். நான் ஒரு வாளியை அப்படி இழந்தேன். இன்றும் அது கதவுக்கு முட்டாக இருக்கிறது. மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு ஊற்றுங்கள்.

இரண்டாம் வேலை, தண்டவாளம் உட்காரும் முகத்தை மட்டமாக்குவது. உத்தரத்தை மல்லாக்கப் படுக்கவைத்து ரசமட்டம் பாருங்கள். இரண்டு பட்டைகளையும் ஒரு சிறு வாய்க்காலால் இணைத்து வரம்பு கட்டி, நீர்த்த எபாக்ஸியை ஊற்றுங்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி, இரண்டு பாத்தியிலும் ஒரே மட்டம் நிற்கும். இறுகும்வரை பட்டறைப் பக்கம் யாரும் நடக்கக்கூடாது.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 ஆகஸ்ட் 19

பிசினை நம்பி எந்திரம் கட்டுவதா என்று எழுதவந்தேன். வயல் உவமையைப் படித்ததும் விட்டுவிட்டேன். செய்து பாருங்கள், டயல் கேஜ் சொல்லட்டும்.

உப்பனாற்றங்கரை | 2024 செப்டம்பர் 15

டயல் கேஜ் சொன்னது: 600 மி.மீ.யில் 0.03. ஓரத்தில் வரம்பை ஒட்டி எபாக்ஸி ஏறி நின்றதைச் சுரண்டி எடுத்தேன். ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ம்" என்றார்.

நெய்வேலி மின்சாரம் | 2024 செப்டம்பர் 16

ஸ்பிண்டிலில் கரண்ட் ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் ஸ்பிண்டில் 24,000 சுற்று, 400 ஹெர்ட்ஸ் வகை. ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் புது விஎஃப்டி பெட்டியில் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்றே பதிந்து வரலாம். அதை மாற்றாமல் ஓட்டினால், 400 ஹெர்ட்ஸில் வாங்க வேண்டிய முழு வோல்ட்டேஜையும் 50 ஹெர்ட்ஸிலேயே வாங்கி, சுருள் கருகிவிடும். தொடங்கிய இரண்டாம் நிமிடமே கருகல் வாசம் வந்த ஸ்பிண்டில் ஒன்றை என் கையால் கழற்றியிருக்கிறேன். ஸ்பிண்டில் தகட்டில் உள்ள வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ் மூன்றையும் விஎஃப்டியில் பதித்துச் சரிபாருங்கள்.

ஸ்பிண்டில் உடலுக்கு எர்த் கட்டாயம். சில ஸ்பிண்டில்களில் நான்காவது முனை சும்மா இருக்கும், உள்ளே எங்கும் போய்ச் சேராது. மீட்டர் வைத்துப் பாருங்கள். நீர்க் குளிர்ப்பு வேறு. தண்ணீரும் மின்சாரமும் ஒரே உருளைக்குள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். கடலோர மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும், ஆனால் குழாயை உப்பு தின்றுவிடும். அப்பா காலத்து எர்த் பைப் என்றால் தோண்டிப் பாருங்கள்.

விஎஃப்டியை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்னழுத்தம் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

உப்பனாற்றங்கரை | 2024 அக்டோபர் 20

நல்லவேளை படித்தேன். என் பெட்டியிலும் 50 என்றுதான் இருந்தது. எர்த் பைப்பைத் தோண்டினோம்; கையோடு பாதிதான் வந்தது.

இப்போது வேறு பேய். ஸ்பிண்டிலை ஓடவிட்ட உடனே எந்திரம் "அலாரம் 1" என்று நின்றுவிடுகிறது. எல்லையில் எந்திரத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் பக்கம் யாரும் போகவில்லை.

லாஸ்பேட்டை ஜி-கோடு | 2024 அக்டோபர் 20

ஸ்பிண்டில் கேபிளும் சுவிட்ச் கேபிளும் ஒரே குழாயில் போகின்றனவா? விஎஃப்டி எழுப்பும் இரைச்சலைச் சுவிட்ச் கம்பி ஏரியல் மாதிரி வாங்குகிறது. ஸ்பிண்டிலுக்கு வலைக்கவசம் உள்ள கேபிள் போட்டு, கவசத்தை விஎஃப்டி பக்கம் எர்த்தில் இணையுங்கள். இரண்டு பாதைகளையும் ஒரு முழமாவது பிரித்து வையுங்கள். சுவிட்சுகளை வழக்கமாக மூடியிருக்கும் முறைக்கு மாற்றுங்கள். கம்பி அறுந்தாலும் எந்திரம் நிற்கும், அது கூடுதல் பாதுகாப்பு. பலகைக்கு முன்னால், சைகையை ஒளியால் கடத்தி இரைச்சலைத் தடுக்கும் ஆப்டோகப்ளர் ஒன்று.

உப்பனாற்றங்கரை | 2024 நவம்பர் 10

அலாரம் ஒழிந்தது, ஜி-கோடு தம்பிக்கு நன்றி. டிரைவர்களையும் டிஎம்556-க்கு மாற்றிவிட்டேன். பழையதில் நிமிடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் ஓட்டினால் முனகிவிட்டு நின்ற மோட்டார், இப்போது 4,000-இல் சத்தமில்லாமல் ஓடுகிறது.

ஆனால் மேசை நகரும் எக்ஸ் அச்சில் 0.12 மி.மீ. பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வரும் வெற்றாட்டம். பால் ஸ்க்ரூவில் இவ்வளவு வருமா? நட்டு மோசம்தான் என்று மாற்று நட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 நவம்பர் 10

சொல்லியதை நிறுத்து. நட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் ஸ்க்ரூவை விசாரி. ஸ்க்ரூ முனையில் உள்ள சென்டர் குழியில் ஒரு எஃகு பால் வை, கிரீஸ் தடவினால் ஒட்டிக்கொள்ளும். டயல் கேஜ் முனையை அந்த பால் மேல் நிறுத்து. மேசையைக் கையால் முன்னும் பின்னும் தள்ளு. முள் ஆடினால் ஸ்க்ரூவே போய்வருகிறது என்று பொருள். நட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உப்பனாற்றங்கரை | 2024 நவம்பர் 12

முள் 0.10 ஆடியது! ஸ்க்ரூவைத் தாங்கும் முனையின் பிகே12 பேரிங் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் கோணத் தொடர்பு பேரிங் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண 6001 இரண்டு. மேலே என்னவோ "துல்லியம்" என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். 7001 ஜோடி வாங்கி, முதுகோடு முதுகு சேர்த்துப் பொருத்தி இறுக்கினேன். 0.015-க்கு வந்துவிட்டது. நட்டுக்குச் சொன்னதை நிறுத்திவிட்டேன் ஐயா.

மஞ்சக்குப்பம் மாணவி | 2024 டிசம்பர் 5

உப்பனாற்றங்கரை அண்ணா, நலமா? எங்கள் தெருவில் இன்றுதான் கரண்ட் வந்தது. தென்பெண்ணை வெள்ளத்தில் உறவினர் வீடே முழுகிவிட்டது. முதுநகர்ப் பக்கம் எப்படி இருக்கிறது?

உப்பனாற்றங்கரை | 2024 டிசம்பர் 12

எல்லோரும் நலம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறியபோது, பட்டறைக் கூரையில் இரண்டு தகடுகள் பறந்தன. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை இங்கும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர் வாசற்படி வரை வந்து திரும்பியது. எந்திரம் இரண்டடி உயரத் தாங்கியில் இருந்ததால் முழுகவில்லை.

முழுகாமலேயே கெட்டது. கூரை போனதும் கையில் கிடைத்த பழைய வேட்டியை மேசைமேல் போர்த்தி, அதன் மேல் தார்ப்பாய் கட்டிவிட்டுப் படகுகளைப் பார்க்க ஓடிவிட்டேன். ஐந்து நாள் கழித்துத் திறந்தால் வேட்டி பட்ட இடமெல்லாம் பழுப்பு. எக்ஸ் ஸ்க்ரூவில் நட்டு நின்ற இடத்தில் பள்ளம் பள்ளமாகத் துரு. மேசையை நகர்த்தினால் அந்த இடத்தில் மட்டும் "கர்" என்கிறது.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2024 டிசம்பர் 12

உயிர் பிழைத்தோம், அது போதும். துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். அதிலும் உப்புக்காற்று ஊர். 2011 டிசம்பரில் தானே புயல் வருகிறது என்றதும் எங்கள் டூல் ரூமில் கேஜ்கள் அத்தனைக்கும் கிரீஸ் பூசி, மெழுகுத்தாள் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். கூரை போயிற்று, கேஜ்கள் பிழைத்தன.

ஸ்க்ரூவை மாற்று, வேறு வழியில்லை. இனி மழைக்காலத்தில் நட்டை ஒரே இடத்தில் நிறுத்திவைக்காதே. தினம் ஒருமுறை முழு நீளமும் ஓட்டி எண்ணெய் பரப்பு. 68 தர வழித்தட எண்ணெய். எந்திரத்தைச் சுற்றிப் பெட்டி அடித்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிடு. உள்ளே வெளியைவிட இரண்டு டிகிரி சூடு கூடுதலாக இருந்தால் பனி இரும்பில் இறங்காது.

உப்பனாற்றங்கரை | 2025 ஜனவரி 26

புது ஸ்க்ரூ, புதுக் கூரை, பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு. அந்தப் பல்பைத் தேடி அலைந்தது தனிக்கதை. எல்லாக் கடையிலும் எல்இடிதான்.

இன்று எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்த்தோம். கொத்தனார் வீட்டுக்கு மூலைமட்டம் பிடிக்கும் அதே 3-4-5 கணக்குத்தான். பலகையில் 400 × 300 செவ்வகத்தின் நான்கு மூலையிலும் எந்திரத்தாலேயே துளையிட்டு, 6 மி.மீ. பின் அடித்து, ஐயாவின் நீள வெர்னியரால் மூலைவிட்டங்களை அளந்தோம். இரண்டும் 500 வர வேண்டும். ஒன்றுக்கொன்று 0.24 வித்தியாசம்.

மஞ்சக்குப்பம் மாணவி | 2025 ஜனவரி 26

வித்தியாசத்தை 480-ஆல் வகுத்தால் கோணப் பிழை கிடைக்கும்: 0.0005 ரேடியன். அதாவது 300 மி.மீ.க்கு 0.15 சாய்வு. தூண்களின் இடைவெளி 500 என்றால் ஒரு தூணை 0.25 மி.மீ. தள்ளினால் போதும்.

உப்பனாற்றங்கரை | 2025 ஜனவரி 27

டயல் கேஜை வைத்துக்கொண்டு, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி 0.25 தள்ளினோம். மறுபடி துளையிட்டு அளந்தோம். வித்தியாசம் 0.02. ஐயா வெர்னியரை நான்கு முறை வைத்துப் பார்த்தார். "யார் அந்தப் பெண்?" என்று கேட்டார்.

உப்பனாற்றங்கரை | 2025 பிப்ரவரி 16

முதல் அலுமினியம்! 10 மி.மீ. தடிப்பில் 6061 தகடு. ஒற்றைப் பல் 6 மி.மீ. கார்பைடு எண்டு மில், 18,000 சுற்று, பல்லுக்கு 0.05 வீதம் நிமிடத்துக்கு 900 மி.மீ., ஆழம் 1 மி.மீ. முதல் ஓட்டத்தில் பயந்து 300-க்குக் குறைத்துவிட்டேன். அதுதான் தவறு. சீவாமல் தேய்த்து, சூடேறி, அலுமினியம் கட்டரில் வெல்டிங் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டர் போயிற்று. 900-க்கே திரும்பி, சிதறலை ஊதித் தள்ளக் காற்றும், துளித்துளியாக நீரில் கரையும் வெட்டு எண்ணெயும் விட்டதும் பளபளவென்று வெட்டியது. சிதறல் உப்புக் கற்கள் மாதிரி தனித்தனியாகத் தெறிக்கிறது. காடியின் அகலம் 12.00 கேட்டேன், 12.03 வந்தது.

ஒரு குறை. எக்ஸ் அச்சு வாசற்பக்க எல்லைக்குப் போகும்போது மட்டும் கீச்சென்று கத்துகிறது. சுவரில் அலை அலையாகத் தடம். சுற்றை 15,000-க்குக் குறைத்தால் அடங்குகிறது, முழுவதுமாக இல்லை.

லாஸ்பேட்டை ஜி-கோடு | 2025 பிப்ரவரி 16

வாழ்த்துகள் அண்ணா! ஒரே இடத்தில் மட்டும் கத்துகிறதென்றால் வேகத்தையும் ஊட்டத்தையும் மாற்றிப் பயனில்லை. அந்த மூலையில் ஏதோ தளர்ந்திருக்கிறது.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2025 பிப்ரவரி 16

எந்த மூலை?

உப்பனாற்றங்கரை | 2025 பிப்ரவரி 17

சுத்தியல் காயம் பட்ட மூலைதான் ஐயா. அந்த ஒரு போல்ட்.

கருங்கல் | 2025 பிப்ரவரி 17

உடைந்த டேப்பை எடுக்கப் படிகாரக் கரைசலைக் கொதிக்கவைத்து ஊற்றுவார்கள். டேப் கரைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2025 பிப்ரவரி 17

அலுமினியத்திலோ பித்தளையிலோ மாட்டியிருந்தால் சரி. படிகாரம் எஃகைத் தின்னும், அலுமினியத்தை விட்டுவிடும். இது வார்ப்பிரும்பு. டேப்பைத் தின்றுவிட்டுப் பிளேட்டையும் சாப்பிட உட்காரும். மூலைத் தண்டவாளத்தைக் கழற்றி, கார்பைடு கட்டரால் டேப்பைப் பொடிக்க வேண்டும்.

லாஸ்பேட்டை ஜி-கோடு | 2025 பிப்ரவரி 17

கார்பைடு கட்டரும் இருக்கிறது, துல்லியமாக ஓட்ட எந்திரமும் இருக்கிறது. அது தன் காலடியில் உள்ள துளையை மட்டும் எட்ட முடியாது.

சேதராப்பட்டு ஃபிட்டர் | 2025 பிப்ரவரி 17

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். 4 மி.மீ. கார்பைடு என்னிடம் இருக்கிறது. டிரில்லிங் எந்திரத்தின் பெல்ட்டை மேல் வேகத்துக்கு மாற்றிவை. பிளேட்டைத் தூக்க மூன்று பேரைச் சொல்லிவை.

உப்பனாற்றங்கரை | 2025 பிப்ரவரி 23

போல்ட் ஏறிவிட்டது. கத்தல் இல்லை. தண்டவாளத்தை மறுபடி நேர் பார்க்க மாலை ஆறு மணி ஆயிற்று. ஐயா கிளம்பும்போது சாவியை வாங்கி மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். இரண்டு திரும்பின.